15 வருட ஸ்பிளெண்டரை ஆர்.டி.ஓ. ஆபீஸில் நிறுத்தும் முன்

2010, 2011-இல் வாங்கிய ஸ்பிளெண்டர் பிளஸ்களும் பேஷன்களும் வரிசையாக 15 வயதைத் தொடுகின்றன. சொந்த உபயோகத்துக்கான பைக்கின் பதிவு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 41-ஆம் பிரிவின்படி, 15 வருடத்துக்குத்தான் செல்லும். அதன்பின் வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குக் கொண்டுபோய், மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்துச் சரி என்றால் 5 வருடம் நீட்டிப்பு கிடைக்கும். மறுபடி 5 வருடம் கழித்து மறுபடி அதே வேலை. சட்டப்படி எஃப்.சி. எனும் தகுதிச் சான்று வாடகை வண்டிகளுக்கு உரியது. நம் பைக்குக்கு நடப்பது ஆர்.சி. புதுப்பித்தல். ஊர் வழக்கில் இரண்டுக்கும் பெயர் எஃப்.சி.தான்.

இதற்கு வண்டியைத் தயார் செய்யச் சொன்னால் பெரும்பாலானவர்கள் முதலில் போவது பெயிண்ட் கடைக்கு. டேங்குக்குப் பட்டி பார்த்து, புது ஸ்டிக்கர் ஒட்டி, சீட் கவர் மாற்றி, மூவாயிரமோ நாலாயிரமோ செலவழித்துவிடுகிறார்கள். ஹேண்டில் நடுவில் சிக்குவதும், பின் பிரேக் பெடல் அடிவரை இறங்குவதும் அப்படியே இருக்கும். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். பிரேக், கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்தின் பேரிங்), செயின், வயரிங், புகை, அதன்பின் மிச்சக் காசு இருந்தால் பெயிண்ட். ஆய்வாளர் வண்டியைப் பார்ப்பது சில நிமிடம்தான். நீங்கள் அதில் உட்காரப்போவது இன்னும் 5 வருடம்.

கீழே சொல்லும் அளவுகள் 97.2 சி.சி. ஸ்பிளெண்டர் வகை வண்டிகளுக்கானவை. முறை எல்லா டிரம் பிரேக் பைக்குக்கும் பொருந்தும்.

முதலில் காகிதம்

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் ஆர்.சி.யை எடுத்து ஒரு முறை முழுதாகப் படியுங்கள். பதிவு முடியும் தேதிக்கு 60 நாள் முன்பிருந்தே படிவம் 25-இல் விண்ணப்பிக்கலாம். அந்த 60 நாளும் வேண்டும். ஏனென்றால் நாளை இழுப்பது பெரும்பாலும் வண்டி அல்ல, காகிதம்.

கடனில் வாங்கிய வண்டியா? தவணை முடிந்து 12 வருடம் ஆகியிருக்கும். ஆனால் ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயர் அப்படியே நிற்கும். அவர்களிடம் தடையில்லாச் சான்றும் கையெழுத்திட்ட படிவம் 35-ம் வாங்கி, முதலில் அந்தப் பெயரை நீக்க வேண்டும். கம்பெனி வேறொன்றோடு இணைந்திருந்தாலோ, உள்ளூர்க் கிளையை மூடியிருந்தாலோ இதற்கே பல வாரம் போய்விடும். வண்டி அப்பா பெயரில் இருந்து அவர் காலமாகிவிட்டிருந்தால், வாரிசு பெயருக்கு மாற்றுவதையும் படிவம் 31-இல் தொடங்கிவிடுங்கள். அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டியோடு இணைந்திருக்கும் கைபேசி எண் இப்போது உங்கள் கையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓ.டி.பி. பழைய எண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தால் எதுவும் நகராது.

நடப்பில் உள்ள இன்சூரன்ஸ், புகைச் சான்று, பசுமை வரி ரசீது ஆகிய மூன்றும் கட்டாயம். புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 300 ரூபாயிலிருந்து 1,000 ரூபாய் ஆனது. 20 வயது தாண்டிய பைக்குக்கு 2025-இல் அதையும் 2,000 ஆக்கிவிட்டார்கள். தாமதித்தால் மாதத்துக்கு 300 ரூபாய் தனியாகச் சேரும். பதிவு காலாவதியான வண்டியைச் சாலையில் ஓட்டினால் 192-ஆம் பிரிவில் முதல் முறைக்கே 2,000-இலிருந்து 5,000 ரூபாய் வரை அபராதம். தேதி ஏற்கெனவே தாண்டிவிட்டதென்றால் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். குட்டி யானையில் ஏற்றிக் கொண்டுபோங்கள்.

சேஸ் நம்பர்

வேலை வாட்டர் சர்வீஸில் தொடங்குகிறது. அழுக்கு இருக்கும்வரை ஆயில் எங்கே கசிகிறது, வெல்டிங் எங்கே விட்டிருக்கிறது என்று தெரியாது. கழுவிய கையோடு ஹேண்டிலை இடப்பக்கம் முழுதாக ஒடித்து, ஸ்டீயரிங் தலைக்குழாயின் வலப்பக்கத்தைப் பாருங்கள். சேஸ் நம்பர் அங்கேதான் குத்தியிருக்கும். என்ஜின் நம்பர் இடப்பக்கம், கிராங்க் கேஸின் கீழ்ப்பகுதியில்.

15 வருட வண்டியில் அந்த இடம் துருப்பிடித்திருக்கும், அல்லது யாரோ அடித்த பெயிண்டுக்கு அடியில் புதைந்திருக்கும். கிரைண்டரையோ முரட்டு உப்புத்தாளையோ அங்கே கொண்டுபோகாதீர்கள். எழுத்தின் ஆழம் ஒரு மி.மீ.கூட இருக்காது. தேய்த்தால் எண் போய்விடும், எண் போனால் வண்டியே சந்தேகத்துக்கு உள்ளாகும். பெயிண்ட் ரிமூவரைச் சின்ன பிரஷ்ஷில் தொட்டுத் தடவி, பத்து நிமிடம் விட்டு, துணியால் துடைத்தால் போதும். துரு என்றால் மண்ணெண்ணெயில் நனைத்த துணியை அரை மணி நேரம் சுற்றி வைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்கலாம். எண் தெளிந்ததும் அதன்மேல் மெல்லிய தாளை வைத்து, பென்சிலைப் படுக்க வைத்து ஒரே திசையில் தேய்த்தால் எண் வெள்ளையாக எழும்பி வரும். நாலைந்து பிரதி எடுத்து வையுங்கள். ஒவ்வோர் எழுத்தையும் ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். 8-ம் 3-ம், 0-வும் 6-ம் தேய்ந்த உலோகத்தில் ஒன்றுபோலத் தெரியும். முடித்ததும் லேசாகக் கிரீஸ் தடவிவிடுங்கள்.

என்ஜின் நம்பர் பொருந்தவில்லையென்றால், எப்போதோ என்ஜின் மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். அதை ஆர்.சி.யில் பதியாமல் புதுப்பித்தல் நடக்காது. நிறமும் அப்படித்தான். ஆர்.சி.யில் கறுப்பு என்றிருக்கும் வண்டிக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்துவிட்டு வந்து நிற்பவர்களின் செலவு இரட்டிப்பாகிறது.

பிரேக்

பிரேக் தட்டுக்கு வெளியே, பிரேக் ஆர்முக்கு அடியில் சின்ன அம்புக்குறித் தகடு ஒன்று இருக்கும். பிரேக்கை முழுதாகப் பிடித்துக்கொண்டு பாருங்கள். அந்த அம்பு, தட்டில் வார்த்திருக்கும் குறியைத் தொட்டுவிட்டால் ஷூ முடிந்தது. மேற்கொண்டு நட்டைத் திருகிப் பயனில்லை.

பட்டறைகளில் நடக்கும் ஒரு குறுக்குவழியைச் சொல்லியே ஆக வேண்டும். நட்டைக் கடைசிவரை முறுக்கியும் பிரேக் பிடிக்காதபோது, ஆர்மைக் கழற்றி, ஷூவை விரிக்கும் கேம் தண்டின் பற்களில் ஒரு பல் தள்ளி மாட்டிவிடுவார்கள். பெடல் உடனே மேலே வரும், பிரேக் பிடிப்பதுபோல இருக்கும். ஆனால் ஷூவின் கனம் அதேதான். கேம் அதன் எல்லையைத் தாண்டித் திரும்ப ஆரம்பிக்கும். ஒருநாள் அழுத்தி மிதிக்கும்போது கேம் பக்கவாட்டில் படுத்து, ஷூ விரிந்தபடியே நின்று, சக்கரம் பூட்டிக்கொள்ளும். பிரேக்கை அழுத்தியிருக்கும்போது ஆர்முக்கும் ராடுக்கும் இடையே உள்ள கோணத்தையும் பாருங்கள். அது 90 டிகிரிக்குப் பக்கத்திலோ உள்ளடங்கியோ இருக்க வேண்டும். அதைத் தாண்டி ராடு முன்னால் இழுத்துக்கொண்டு போயிருந்தால் ஷூ தேய்ந்துவிட்டது.

சக்கரத்தைக் கழற்றினால் ஷூவை மட்டும் மாற்றிவிட்டு மூடாதீர்கள். டிரம்முக்குள் இருக்கும் தூசியை ஊதவோ ஏர் பிடிக்கவோ கூடாது. பழைய ஷூக்களில் கல்நார் இருக்கலாம், அது நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். கேம் தண்டை வெளியே இழுத்து, துருவை உப்புத்தாளால் நீக்கி, மிக மெல்லிசாகக் கிரீஸ் போட்டு மாட்டுங்கள். பிரேக் பிடித்தபின் பெடல் சோம்பலாகத் திரும்பி வருவதற்குக் காரணம் பத்தில் எட்டு வண்டியில் இந்தக் காய்ந்த கேம்தான். ஸ்பிரிங் என்று நினைத்து ஸ்பிரிங்கை மாற்றுவார்கள். கிரீஸ் கூடிவிட்டால் அது ஷூவில் வழிந்து பிரேக்கே பிடிக்காது. விரல் நுனியில் ஒட்டும் அளவு போதும். டிரம்மின் உள்சுவரில் விரலை ஓட்டுங்கள். ஓரத்தில் படிபோல் தட்டினால் டிரம் தேய்ந்திருக்கிறது. புது ஷூ அதில் சரியாக உட்காராது.

மாட்டியபின் முன் பிரேக் லீவரின் நுனியில் 10-இலிருந்து 20 மி.மீ., பின் பெடலில் 20-இலிருந்து 30 மி.மீ. விளையாட்டு, அதாவது பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன் சும்மா ஆடும் தூரம், வையுங்கள். முன் பிரேக் கேபிளின் லீவர் முனையைக் கழற்றி, நிப்பிள் பக்கத்தில் ஒற்றைக் கம்பி ஏதும் பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு இழை அறுந்திருந்தால் கேபிளை மாற்றிவிட வேண்டும். புது ஷூ டிரம்மோடு பழக நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் நிதானமாக ஓட்டியாக வேண்டும். ஆகவே இந்த வேலையை ஆய்வுக்கு முந்தின நாள் செய்யக்கூடாது. ஒரு வாரமாவது முன்னதாகச் செய்யுங்கள்.

கோன் செட், பேரிங், புஷ்

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பின்னால் ஒருவரை அமுக்கச் சொல்லி முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். ஹேண்டிலின் நுனியை இரண்டு விரலால் மட்டும் பிடித்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெதுவாகத் திருப்புங்கள். நேர் நடுவுக்கு வரும்போது ஏதோ பள்ளத்தில் விழுவதுபோல் 'டக்' என்று நின்றால் கோன் செட் போய்விட்டது. இந்த வண்டிகளில் தலைக்குழாயின் மேலும் கீழும் கிண்ணத்தில் உதிரிக் குண்டுகள்தான். வருடக்கணக்காக நேராகவே ஓடும்போது, ஒவ்வொரு பள்ளத்திலும் குண்டுகள் அதே இடத்தில் இடித்து இடித்துக் குழி போட்டுவிடுகின்றன. அதனால்தான் நடுவில் மட்டும் சிக்குகிறது.

இதற்கு நட்டை இறுக்குவது மருந்தல்ல. இறுக்கினால் ஆட்டம் நிற்கும், சிக்கல் கூடும். மெதுவாகப் போகும்போது வண்டி தன்னாலே பக்கம் சாயும். குண்டுகளை மட்டும் மாற்றுவதும் வீண். குழி விழுந்திருப்பது கிண்ணத்தில். மேல், கீழ் கிண்ணங்கள், கோன், குண்டு என்று முழு செட்டையும் மாற்ற வேண்டும். பழைய கிண்ணங்களை அடித்து எடுத்தபின், இருக்கையில் ஒட்டியிருக்கும் துருவைச் சுத்தமாக வழித்துவிட்டுப் புதியதை நேராக இறக்குங்கள். கோணலாக இறங்கிய கிண்ணம் ஆறே மாதத்தில் பழைய கதைக்குத் திரும்பிவிடும். கிண்ணத்தில் கிரீஸை நிரப்பி அதில் குண்டுகளை ஒட்டி வைத்தால் உதிராது. ஒரு குண்டுகூடக் குறையக்கூடாது. நட்டை முதலில் சற்று இறுக்கி, ஹேண்டிலை நாலைந்து தடவை இரு பக்கமும் ஒடித்து, பிறகு கொஞ்சம் தளர்த்துங்கள். தூக்கிய சக்கரம் லேசாகத் தட்டினால் தன் எடையிலேயே பக்கத்துக்கு விழ வேண்டும். ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் அசைவே இருக்கக்கூடாது. இரண்டும் சேர்ந்து அமைந்தால் சரி.

அதே நிலையில் முன் சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்துக் குறுக்கே ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங். பேரிங்கின் முகத்திலேயே எண் பொறித்திருக்கும், பழையதைக் கடைக்கு எடுத்துப்போனால் போதும். மாற்றும்போது இரண்டையும் மாற்றுங்கள். நடுவில் இருக்கும் ஸ்பேசர் குழாயை மறக்காதீர்கள். அது இல்லாமல் ஆக்ஸிலை இறுக்கினால் இரண்டு பேரிங்கும் ஒன்றையொன்று உள்நோக்கி நசுக்கிச் சீக்கிரமே சத்தம் போடும். பின் சக்கரத்தை ஆட்டும்போது சக்கரத்தோடு அதைத் தாங்கும் ஸ்விங் ஆர்மும் சேர்ந்து அசைந்தால், ஆர்மின் புஷ் தேய்ந்திருக்கிறது. ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில் ஆயில் வளையம் தெரிந்தால் சீல் போயிருக்கிறது. குழாயில் துருப்புள்ளி இருந்தால் புது சீலையும் அது கிழித்துவிடும்.

செயின்

மூடிய செயின் கவர் இருப்பதால் இந்த வண்டிகளில் யாரும் செயினைப் பார்ப்பதேயில்லை. கவரில் இருக்கும் ரப்பர் மூடியைக் கழற்றி, விரலால் தூக்கி இறக்கிப் பார்த்தால் 20-இலிருந்து 30 மி.மீ. ஆட வேண்டும். சக்கரத்தை மெதுவாகச் சுற்றிப் பல இடங்களில் பாருங்கள். ஓரிடத்தில் இறுக்கமாகவும் வேறிடத்தில் தொளதொளவென்றும் இருந்தால் செயின் சமமில்லாமல் நீண்டுவிட்டது. கவரைக் கழற்றி, பின் ஸ்பிராக்கெட்டின் கடைக்கோடியில் செயினைப் பின்னால் இழுங்கள். பல் பாதிக்குமேல் வெளியே தெரிந்தால் செட்டாக மாற்ற வேண்டியதுதான். புதுச் செயினைத் தேய்ந்த பல்லில் போட்டால் அந்தப் பல் புதுச் செயினையும் தின்றுவிடும்.

லாக் போடும்போது கவனம். கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும், பிளந்த வாய் பின்னால். மாற்றிப் போட்டால் கவரில் உரசும் ஒரு நாளில் கிளிப் கழன்று, செயின் என்ஜின் கேஸை உடைத்துவிடும்.

வயரிங்: எல்லாம் எர்த்தில் இருக்கிறது

ஆய்வாளர் கேட்கும் முதல் விஷயம் பெரும்பாலும் இதுதான்: இண்டிகேட்டர் போடுங்கள், பிரேக் பிடியுங்கள், ஹாரன் அடியுங்கள். எந்திரம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இங்கே ஒரு பல்ப் எரியாவிட்டால் திரும்பி வர வேண்டும்.

முதலில் பேட்டரி. ராத்திரி முழுதும் நின்ற வண்டியில் காலையில் மல்டிமீட்டர் வைத்தால் 12.6 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். 12-க்குக் கீழே என்றால் அதில் ஹாரன் இருமும், இண்டிகேட்டர் எரிந்தபடியே நிற்கும். என்ஜினை ஓட்டி ரேஸ் கொடுத்தால் 14 வோல்ட்டுக்கு ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் ஆர்.ஆர். யூனிட்டையும் (ரெகுலேட்டர் ரெக்டிஃபையர்) மேக்னெட் காயிலையும் பாருங்கள். 15-ஐ எளிதாகத் தாண்டினால் யூனிட் போய்விட்டது, பல்ப் அடிக்கடி ஃபியூஸ் போவதற்கும் அதுவே காரணம். பழைய ஸ்பிளெண்டரில் ஹெட்லைட் பேட்டரியில் எரிவதில்லை, மேக்னெட்டிலிருந்து நேராக வருகிறது. ஐடிலிங்கில் மங்கலாக இருப்பது அதன் இயல்பு. அதற்காகப் பேட்டரியை மாற்றிவிடாதீர்கள்.

பெயிண்ட் அடித்த வண்டிகளில் அடிக்கடி வரும் ஒரு கோளாறு: எல்லாம் புதிது, ஆனால் இண்டிகேட்டர் மங்கல், ஒரு பக்கம் போட்டால் மறுபக்கமும் லேசாக மினுங்கும். காரணம் எர்த். பச்சை வயரின் கண்ணி சேஸில் போல்ட் போடும் இடத்தில் பெயிண்ட் உட்கார்ந்துவிட்டது. கரண்டுக்குத் திரும்பிப் போக வழியில்லாமல் அடுத்த பல்பின் வழியே சுற்றிப் போகிறது. அந்த இடத்தை வெறும் உலோகம் தெரியும்வரை சுரண்டி, கண்ணியைத் தேய்த்துச் சுத்தப்படுத்தி, இறுக்கியபின் மேலே வாசலின் தடவுங்கள். மகரந்தப் பொடிபோலப் பச்சை பூத்திருக்கும் கப்ளர்களையும் அதே முறையில் சுத்தம் செய்யலாம்.

இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 60-இலிருந்து 120 தடவைக்குள் மினுங்க வேண்டும். இரு பக்கமும் வேகம் வேறுபட்டால் எங்கோ ஒரு பல்பின் வாட் மாறியிருக்கிறது. டெயில் லைட்டின் பல்பில் பக்கவாட்டு ஊசிகள் ஒன்று மேலே, ஒன்று கீழே இருக்கும். பலவந்தமாகத் திருப்பி மாட்டினால் பிரேக் லைட் எப்போதும் எரியும், டெயில் லைட் பிரேக் பிடித்தால் எரியும். பிரேக் லைட் முன் லீவருக்கும் பின் பெடலுக்கும் தனித்தனியாக எரிகிறதா என்று பாருங்கள். பின்னால் இருப்பது ஸ்பிரிங் இழுக்கும் சுவிட்ச், பெடலைச் சரிசெய்த ஒவ்வொரு முறையும் அதையும் சரிசெய்ய வேண்டும்.

கண்ணைக் கூசும் எல்.இ.டி. பல்ப் போட்டிருந்தால் கழற்றிவிட்டுப் பழைய 35 வாட் பல்பையே போடுங்கள். அந்த ரிஃப்ளெக்டர் எல்.இ.டி.க்காக வடிவமைத்ததல்ல. ஒளி சிதறி எதிரே வருபவரின் கண்ணில்தான் விழும். வண்டியைச் சுவருக்கு 5 மீட்டர் தள்ளிச் சமதரையில் நிறுத்தி, ஒருவரை உட்கார வைத்து, லைட்டின் நடு உயரத்தைச் சுவரில் குறியுங்கள். லோ பீமின் வெளிச்சம் அந்தக் குறிக்குக் கீழேயே இருக்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியும் மற்றவை

டயரில் பட்டன் ஆழம் 0.8 மி.மீ.க்குக் குறையக்கூடாது. பக்கச்சுவரில் இருக்கும் சின்ன முக்கோணத்துக்கு நேரே, பள்ளத்துக்குள் ஒரு மேடு இருக்கும். பட்டன் அந்த மேட்டுக்குச் சமமாகத் தேய்ந்தால் டயர் முடிந்தது. பட்டன் இருந்தாலும் வயதைப் பாருங்கள். பக்கச்சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 3514 என்றால் 2014-ஆம் வருடத்தின் 35-ஆவது வாரம். வெடிப்பு விட்ட டயரை அதன் பட்டனுக்காக வைத்துக்கொள்ளாதீர்கள். காற்று, தனியாளுக்கு முன்னால் 25, பின்னால் 28 பி.எஸ்.ஐ.

பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, கால்மிதி, சேலையோ துப்பட்டாவோ சக்கரத்தில் சிக்காமல் தடுக்கும் காப்பு ஆகிய மூன்றையும் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-ஆம் விதி கேட்கிறது. காப்பு பின் சக்கரத்தில் பாதியையாவது மறைக்க வேண்டும். அழகுக்காகச் சாரி கார்டைக் கழற்றிப் பரணில் போட்டவர்கள் அதைத் தேடி எடுத்து மாட்டுங்கள். ஆய்வு முடிந்தபின்னும் கழற்றாதீர்கள். ஒரு துப்பட்டா சக்கரத்தில் சுற்ற ஒரு நொடி போதும், அது கழுத்தோடு இழுக்கும்.

கண்ணாடி, பின்புறச் சிவப்பு ரிஃப்ளெக்டர், ஓடும் ஸ்பீடோமீட்டர் மூன்றும் இருக்க வேண்டும். பல குரல் ஹாரன் கூடாது. நம்பர் பிளேட் வெள்ளையில் கறுப்பு எழுத்து. முன்னால் 30 மி.மீ. உயரம், பின்னால் எழுத்து 35, எண் 40. வளைந்த எழுத்து, சாமி படம், சாதிப் பெயர், கட்சிக் கொடி எதுவும் பிளேட்டில் வேண்டாம்.

புகை

கடைசி வேலை இதுதான். 2000 ஏப்ரலுக்குப் பின் தயாரான நாலு ஸ்ட்ரோக் பைக்குக்கு, பி.எஸ். 4 என்ற புகை விதி வரும்வரை, ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 4,500 பி.பி.எம். வரை அனுமதி. ஒழுங்காக இருக்கும் ஸ்பிளெண்டர் இதில் சிரமமில்லாமல் தேறும். தேறாவிட்டால் எந்த எண் கூடியிருக்கிறது என்று கேட்டு வாங்குங்கள், அதில்தான் நோயின் பெயர் இருக்கிறது. கார்பன் மோனாக்சைடு கூடினால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு: அடைத்த ஏர் ஃபில்டர், முழுதாகத் திறக்காத சோக், தேய்ந்த ஃப்ளோட் ஊசி, தவறான ட்யூனிங். ஹைட்ரோகார்பன் மட்டும் கூடினால் பெட்ரோல் எரியாமல் வெளியே போகிறது: பழைய பிளக், இறுக்கமான டேப்பெட் (வால்வின் இடைவெளி குறைந்திருப்பது), அல்லது என்ஜின் ஆயில் உள்ளே எரிவது.

ஆகவே ஏர் ஃபில்டர், பிளக், டேப்பெட், அதன்பின் கார்பரேட்டர் என்ற வரிசையை மாற்றாதீர்கள். டேப்பெட்டை என்ஜின் குளிர்ந்திருக்கும்போது, மேக்னெட்டின் 'டி' குறியை நேராக வைத்து, ஃபீலர் கேஜ் போட்டுத்தான் பார்க்க வேண்டும். இடைவெளி ஒரு மி.மீ.யில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, கை அனுபவத்தில் வைக்கக்கூடிய அளவல்ல. சத்தம் வரக்கூடாது என்று இறுக்கி வைத்த வால்வு முழுதாக மூடாமல் கருகும்.

கார்பரேட்டரை என்ஜின் பத்து நிமிடம் ஓடிச் சூடானபின்தான் தொட வேண்டும். மிக்ஸர் ஸ்குரூவை மெதுவாக உள்ளே உட்கார வைத்து, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்துத் தொடங்குங்கள். அங்கிருந்து கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பி, ஐடிலிங் அதிகபட்சம் ஏறும் இடத்தைக் கண்டுபிடித்து, பிறகு ஐடில் ஸ்குரூவால் 1,400-க்கு இறக்குங்கள். ஸ்குரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றுக்கானது, உள்ளே திருப்பினால் பெட்ரோல் கூடும். என்ஜின் பக்கம் இருந்தால் பெட்ரோலுக்கானது, உள்ளே திருப்பினால் பெட்ரோல் குறையும். இதைத் தெரியாமல் திருப்புவதால்தான் மெக்கானிக்கும் புகை வேனும் மாறி மாறி அலைய விடுகிறார்கள்.

சைலன்சரின் வாயை ஈரத்துணியால் ஓரிரு நொடி அடைத்துப் பாருங்கள். வேறெங்காவது 'ஸ்ஸ்' என்றால் அங்கே ஓட்டை. பெரும்பாலும் அடிப்பக்க வெல்டிங் ஓரம், அல்லது ஹெட்டில் சேரும் கேஸ்கெட். ஓட்டை இருந்தால் வெளிக்காற்று கலந்து அளவே தப்பாக வரும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் மட்டும் நீலப்புகை வந்து நின்றால் வால்வ் சீல், சின்னச் செலவு. ரேஸ் கொடுக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் போரும் தேய்ந்திருக்கின்றன, அதை ட்யூனிங்கில் மறைக்க முடியாது.

ஆர்.எக்ஸ். 100 வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். 2000-க்கு முந்தைய வண்டிகளுக்கு அளவு 4.5 சதவீதம், 9,000 பி.பி.எம். டூ ஸ்ட்ரோக்கில் தோற்பது பெரும்பாலும் சைலன்சருக்குள் கட்டியான கரியால். உள் பைப்பைக் கழற்றிச் சுட்டு, கரியைத் தட்டி எடுங்கள். ஆயில் பம்ப் கேபிளின் குறி பொருந்துகிறதா என்றும் பாருங்கள். பயத்தில் ஆயிலைக் குறைத்தால் புகை குறையும், பிஸ்டன் பிடிக்கும்.

இந்த வயது வண்டிகளுக்குப் புகைச் சான்று 6 மாதம்தான் செல்லும். ஆய்வு நாளுக்கு இரண்டு நாள் முன்னதாக எடுத்தால் போதும்.

அந்த நாள்

மூலச் சான்றுகளோடு 10, 12, 14 ஸ்பேனர், ஒரு ஸ்குரூ டிரைவர், டெயில் லைட்டுக்கும் இண்டிகேட்டருக்கும் ஒவ்வொரு உபரி பல்ப், பென்சில், மெல்லிய தாள், துணி கொண்டுபோங்கள். வீட்டிலிருந்து வரும் வழியில் பல்பின் இழை அறுவது சாதாரணம். நிறுத்தியதும் சேஸ் நம்பரின் மேல் தடவிய கிரீஸைத் துடைத்துவிடுங்கள். ஹேண்டில் லாக்கைப் போடாமல், நம்பர் இருக்கும் பக்கம் வெளிச்சம் படும்படி நிறுத்துங்கள். ஏதாவது குறை சொல்லித் திருப்பினால், எந்தக் குறை என்று எழுதி வாங்கிக்கொண்டு, அதை மட்டும் சரிசெய்து கொண்டுவந்தால் போதும்.